கமல்ஹாசன்: வன்னி வாசிகசாலைகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கத்து வாசிகசாலைகளிலும் சனசமூக நிலையங்களிலும் படம் போடுகிறவர்கள், உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் எடுத்திருக்கும் மாணவர்கள், பொது அறிவுப் போட்டிக்கு வினாத்தாள் தயாரிப்பவர்கள் என்று மூன்று வகையானவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. மறுமொழிகள் ஒரே நீளத்தில் இல்லை. சிலவற்றுக்கு ஒரு வரி போதும், சிலவற்றுக்கு அளவுநாடா வேண்டும்.

எங்கே, எப்போது பிறந்தார்? சொந்தப் பெயர் என்ன?

1954 நவம்பர் 7, பரமக்குடி. தலைமன்னாரில் நின்று கடலைப் பார்த்தால் அக்கரையில் இருப்பது இராமநாதபுரம் மாவட்டம். பரமக்குடி அந்த மாவட்டத்தின் உள்நாட்டு ஊர். முதலில் வைத்த பெயர் பார்த்தசாரதி. தந்தை சீனிவாசன் வழக்கறிஞர், தாய் ராஜலட்சுமி. மூத்தவர்கள் சாருஹாசன், சந்திரஹாசன், நளினி. சாருஹாசனும் தேசிய விருது பெற்ற நடிகர்தான்.

முதல் படம் 1960 என்கிறார்கள், 1973 என்கிறார்கள், 1975 என்றும் சொல்கிறார்கள். எது சரி?

மூன்றும் மூன்று கேள்விகளுக்கான விடைகள். கமெராவுக்கு முன் முதன்முதல் நின்றது களத்தூர் கண்ணம்மாவில். ஏவிஎம் தயாரிப்பு, பீம்சிங் இயக்கம், 1960 ஓகஸ்ட் 12 வெளியீடு. அப்போது வயது ஆறுகூட நிரம்பவில்லை. அந்தப் படத்துக்காகக் குடியரசுத் தலைவரின் பதக்கம் கிடைத்தது. வளர்ந்த பிறகு கே. பாலசந்தரிடம் வந்து சேர்ந்த படம் அரங்கேற்றம், 1973. அதில் சிறிய பாத்திரம். தமிழில் பெயர் நிலைத்தது அபூர்வ ராகங்களில், 1975. இதற்கிடையில் கதாநாயகனாக முதலில் நடித்தது மலையாளத்தில்: கன்னியாகுமரி, 1974. வினாத்தாளில் 'முதல் படம் எது' என்று மொட்டையாகக் கேட்டால் சண்டைதான் வரும். 'குழந்தை நட்சத்திரமாக' என்றோ 'கதாநாயகனாக' என்றோ சேர்த்துக் கேளுங்கள்.

நடிப்பை எந்தக் கல்லூரியில் படித்தார்?

எந்தக் கல்லூரியிலும் இல்லை. பள்ளிப் படிப்பையே முடிக்கவில்லை. ஆனால் இதை வைத்து 'பிறவிக் கலைஞன்' என்று முடித்துவிடுவது சோம்பேறித்தனம். அவர் கடந்து வந்த பட்டறைகளை எண்ணிப் பாருங்கள். குழந்தை நடிகனாக 1960 தொடக்கம் 1963 வரை ஜெமினி, சிவாஜி, எம்.ஜி.ஆர். படங்கள். குரல் உடையத் தொடங்கும் வயதில் டி.கே. சண்முகத்தின் நாடகக் குழு. அங்கே ஒலிவாங்கி எட்டாத கடைசி வரிசைக்கும் சொல் போய்ச் சேர வேண்டும், பெண் வேடமும் போட வேண்டும். அடுத்தது நடனம்: பரதநாட்டியப் பயிற்சி, தங்கப்பன் மாஸ்டரிடம் நடன உதவியாளர் வேலை. உதவியாளர் என்றால் மற்ற நடிகர்களுக்கு அசைவைச் சொல்லிக் கொடுத்து, கமெரா எங்கே நிற்கிறது என்று கணக்குப் போட்டு, எட்டுத் தாளத்துக்குள் முடிக்க வேண்டிய வேலை. அதன் பிறகுதான் பாலசந்தர்.

1996இல் வந்த அவ்வை சண்முகி என்ற பெயரே அந்த முதல் வாத்தியாருக்கான வணக்கம். ஔவையார் வேடத்தால் 'அவ்வை சண்முகம்' என்றே அழைக்கப்பட்டவர் டி.கே. சண்முகம்.

பாத்திரத்துக்காகத் தனியாகக் கற்றவையும் உண்டு. அபூர்வ ராகங்களுக்கு மிருதங்கம். அவர்கள் (1977) படத்தில் பொம்மையைப் பேச வைக்கும் கலைஞன். ராஜபார்வை (1981) படத்தில் கண்பார்வை இல்லாத வயலின் கலைஞன். அது அவருடைய நூறாவது படம்.

எத்தனை மொழிகளில் நடித்தார்?

தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், இந்தி, வங்காளம். வங்காளத்தில் கபிதா, 1977. தெலுங்கில் மரோசரித்ரா (1978), அதன் இந்தி வடிவமான ஏக் தூஜே கே லியே (1981) இரண்டும் பாலசந்தர் இயக்கியவை. நாங்கள் தமிழ்ப் படம் என்று நினைத்துப் பார்க்கும் சலங்கை ஒலி (1983), சிப்பிக்குள் முத்து (1986) இரண்டும் கே. விஸ்வநாத் தெலுங்கில் எடுத்துத் தமிழில் குரல் மாற்றியவை. உதடும் சொல்லும் பொருந்தவில்லை என்று அங்கே நடிகரைக் குறை சொல்லக்கூடாது.

அவரை இயக்கிய இலங்கையர் யார்?

பாலு மகேந்திரா. மட்டக்களப்பு அமிர்தகழியைச் சேர்ந்தவர். கமலோடு செய்த கோகிலா (1977, கன்னடம்) இயக்குநராக அவருக்கு முதல் படம். மூன்றாம் பிறை (1982) கமலுக்கு முதலாவது தேசிய விருதைக் கொடுத்தது. சதி லீலாவதி (1995) கொங்குத் தமிழ் நகைச்சுவை. மூன்றையும் ஒரே வரிசையில் வைத்துப் பார்க்கிறவருக்குத் தெரியும், பாலு மகேந்திரா கமெரா அவரை அமைதியாக்கும். வேறு இடங்களில் நாலு அசைவு செய்கிற கை இங்கே ஒன்றோடு நிற்கும். மூன்றாம் பிறையின் கடைசி ரயில் நிலையக் காட்சி மட்டும் விதிவிலக்கு.

தேசிய விருது எத்தனை?

சிறந்த நடிகருக்கு மூன்று: மூன்றாம் பிறை, நாயகன் (1987), இந்தியன் (1996). நான்காவது தேவர் மகன் (1992) சிறந்த தமிழ்ப் படமானபோது தயாரிப்பாளராகப் பெற்றது. குழந்தை வயதுப் பதக்கத்தையும் இதில் கூட்டி ஐந்து என்று எழுதுகிறவர்கள் உண்டு. இரண்டையும் பிரித்துச் சொல்வதே தெளிவு. பத்மஸ்ரீ 1990, பத்மபூஷண் 2014, பிரெஞ்சு அரசின் செவாலியே 2016. நாயகன் 2005இல் டைம் சஞ்சிகை வெளியிட்ட நூறு படங்களின் பட்டியலில் இடம்பெற்றது.

அபூர்வ சகோதரர்களில் அப்பு எப்படிக் குள்ளமானார்? கணினி வேலையா?

1989இல் தமிழ்ப் படத்தில் அப்படியொரு கணினி வேலைக்கு வழியே இல்லை. சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய அந்தப் படத்தில் ஒரு வித்தை அல்ல, ஷொட்டுக்கு ஒன்றாகப் பல வித்தைகள்.

நேராக நிற்கும் ஷொட்டுக்கு நிலத்தில் முழங்காலளவு குழி. கால் குழிக்குள், முழங்காலில் சப்பாத்து பொருத்தியிருக்கும். நிலமட்டத்தில் தெரிவது அந்தச் சப்பாத்துத்தான். பக்கவாட்டில் திரும்பும் ஷொட்டில் குழி காட்டிக்கொடுத்துவிடும். அங்கே காலைப் பின்னால் மடித்து, அதற்கென்று செய்த சப்பாத்தில் முழங்காலை ஊன்றி நடக்க வேண்டும். காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் காட்சிக்குச் செயற்கைக் கால்.

கணக்கைப் பாருங்கள். ஐந்தரை அடி உயரமான ஆள் முழங்காலில் நின்றால் ஏறக்குறைய ஒன்றரை அடி குறைந்து நாலடியாகிறார். ஆனால் கை குறையாது. சும்மா தொங்கவிட்டால் விரல் நுனி தரையிலிருந்து ஒரு சாணுக்குள் வந்துவிடும், பார்க்கிறவருக்கு உடனே உறுத்தும். அதனால் அப்புவின் கைக்கு என்ன வேலை கொடுக்கப்பட்டிருக்கிறது என்று காட்சி காட்சியாகக் கவனியுங்கள். இன்னொன்று கமெராவின் உயரம். நின்ற ஆளின் கண் உயரத்திலிருந்து குனிந்து பார்த்தால் முழங்காலுக்குப் பின்னால் இருப்பது தெரியும். கமெரா அப்புவின் கண் உயரத்துக்கு இறங்கி வந்தால் முன் உடம்பே பின்காலை மறைத்துவிடும்.

பாடசாலை மேடையில் அப்பு வேடம் போடலாமா?

போடலாம், ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மேடையில் குழி தோண்ட முடியாது, பார்வையாளர் மூன்று பக்கமும் இருப்பார்கள். முழங்காலுக்குக் கீழே இரண்டு அங்குல ஸ்பொஞ், அதன்மேல் பெரிய அளவுச் சப்பாத்து, முன்னால் முழங்கால்வரை தொங்கும் நீளச் சட்டை, பின்னால் கணுக்காலை மறைக்கும் தளர்ந்த கறுப்புத் துணி. காலை மடித்து இறுக்கிக் கட்டக்கூடாது. கட்டினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு மரத்துப்போகும்; எழும்பும்போது ஆள் விழுவார். நடப்பதைக் குறைத்து, ஒரு பெட்டிக்கோ மேசைக்கோ பின்னால் நிற்க வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். சீமெந்துத் தரையில் ஸ்பொஞ் இல்லாமல் ஒத்திகை பார்த்த பெடியள் மேடையேறும் நாளில் நொண்டுவார்கள்.

ஒரே காட்சியில் நாலு கமல் நிற்பது?

மைக்கேல் மதன காமராஜன் (1990) படத்தைக் கேட்கிறீர்கள். பிலிம் காலத்து முறை இதுதான்: கமெராவை அசையாமல் பூட்டி, வில்லையின் ஒரு பகுதியை மறைத்து ஒரு வேடத்தை எடுப்பார்கள். பிலிமைப் பின்னுக்குச் சுற்றி, எடுத்த பகுதியை மறைத்து, மறைத்த பகுதியைத் திறந்து அடுத்த வேடம். கமெரா ஒரு மயிரிழை ஆடினாலும், நிழல் கோட்டைத் தாண்டினாலும் எல்லாம் முதலிலிருந்து. நடிகருக்கு உள்ள சிரமம் வேறு: எதிரில் ஆளே இல்லாத இடத்தைப் பார்த்து, இன்னும் சொல்லப்படாத வசனத்துக்கு மறுமொழி சொல்ல வேண்டும். பார்வை இரண்டு அங்குலம் விலகினால் இருவரும் இரு வேறு ஆட்களைப் பார்த்துக் கதைப்பதுபோல் இருக்கும்.

இந்தப் படத்தில் ஒப்பனை அதிகமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நாலு பேரையும் பிரித்துக் காட்டுவது பேச்சும் நடையும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே யார் காமேஸ்வரன் என்று சொல்லலாம், பாலக்காட்டுத் தமிழ் காட்டிக்கொடுக்கும். தசாவதாரத்தில் (2008) பத்து வேடம், அதில் பலவற்றுக்குத் தடித்த முகமூடி. எண்ணிக்கை கூடியது, ஆனால் இறப்பருக்குக் கீழே கன்னத் தசை அசையவில்லை. பத்தில் நின்றவர்கள் பல்ராம் நாயுடுவும் வின்சென்ட் பூவராகனும். இருவரிலும் மொழிதான் முன்னுக்கு வருகிறது. எங்கள் மதிப்பில் நாலு பத்தை வெல்கிறது.

இந்தியன் தாத்தா ஒப்பனையை நாங்கள் செய்யலாமா?

இந்தியனுக்கும் அவ்வை சண்முகிக்கும் ஹொலிவூட் ஒப்பனையாளர் மைக்கேல் வெஸ்ட்மோர் வந்தார். முகத்தை அச்செடுத்து, அந்த அச்சில் வார்த்த துண்டுகளை ஒட்டும் முறை. அதைப் பாடசாலையில் செய்ய முடியாது, தேவையும் இல்லை. நாயகனில் வேலு நாயக்கரின் முதுமை பெரும்பாலும் தலைமுடி, தோள், நடை, குரல் என்ற நாலிலேயே நிற்கிறது. அதைப் பின்பற்றுங்கள்.

கையில் இருக்கும் பொருளால் முதுமை வரைவதற்கு: முகத்தைச் சுழித்துப் பாருங்கள். தோல் எங்கே மடிகிறதோ அங்கேதான் கோடு, நினைத்த இடத்தில் இல்லை. கோட்டுக்கு மண்ணிறப் பென்சில். கறுப்பால் போட்டால் மேடை வெளிச்சத்தில் வெட்டுக்காயம் போலத் தெரியும், மாணவர்கள் விடும் முதல் பிழை இதுதான். ஒவ்வொரு கோட்டுக்கும் கீழ் ஓரத்தில் தோல் நிறத்தைவிட ஒரு படி வெளிறிய பூச்சு, பிறகு விரலால் ஒரு பக்கம் மட்டும் தேய்த்துக் கலையுங்கள். கன்னக் குழி, கண்ணுக்குக் கீழ்ப் பை, மூக்கிலிருந்து வாய் ஓரம் வரும் மடிப்பு, இந்த மூன்றும் போதும். தலைமுடிக்கு முகப் பவுடர் போடுவார்கள். தலையை ஆட்டினால் தோளில் கொட்டும், வெளிச்சத்தில் புகையாய்ப் பறக்கும். வெள்ளை ஒப்பனைக் களிம்பைப் பழைய பல்தூரிகையில் தொட்டு, காதோரத்திலிருந்து பின்னுக்கு இழுத்தால் நிற்கும். கழுத்தையும் புறங்கையையும் மறந்துவிடாதீர்கள். எழுபது வயது முகத்துக்குக் கீழே பதினேழு வயதுக் கை தடி பிடித்திருக்கும் கூத்து ஒவ்வொரு தமிழ்த்தினப் போட்டியிலும் நடக்கிறது.

சுருக்கம் வேண்டுமென்று அடம்பிடித்தால் ஒப்பனைக்கென்றே விற்கும் திரவ இறப்பர் வாங்க வேண்டும். இறப்பர் தோட்டத்துப் பாலை முகத்தில் பூசவே கூடாது. கெடாமல் இருக்க அதில் அமோனியா கலந்திருப்பார்கள், கண் எரியும், தோல் புண்படும். ஒப்பனை இறப்பரையும் முதல் நாளே முழங்கைக்கு உட்புறம் ஒரு பொட்டு வைத்து 24 மணி நேரம் பாருங்கள். சிவந்தாலோ கடித்தாலோ அந்தப் பிள்ளைக்கு அது ஒத்துவராது. புருவத்திலும் மீசையிலும் வஸ்லின் தடவாமல் பூசினால் கழற்றும்போது மயிரோடு வரும். ஒருவர் தோலை இழுத்துப் பிடிக்க, மற்றவர் மெல்லியதாக ஒரு பூச்சு, மேலே மெல்லிய ரிஷுத் துண்டு, இன்னொரு பூச்சு. முழுக்கக் காய்ந்த பிறகுதான் இழுத்த தோலை விட வேண்டும். விட்டவுடன் சுருங்கி வரும். வைகாசி, ஆனி வெக்கையில் வியர்வை உள்ளே தேங்கி ஓரம் கிளம்பும். அதனால் மேடையேற ஒரு மணி நேரத்துக்கு முன் மட்டும் போடுங்கள், மின்விசிறிக்கு முன்னால் உட்கார வையுங்கள். கழற்றத் தேங்காய் எண்ணெய்.

தெனாலியில் அவர் கதைப்பது எங்கட தமிழா?

வன்னியில் இதைக் கேட்காத கூட்டம் இல்லை. தெனாலி 2000இல் வந்தது, கே.எஸ். ரவிக்குமார் இயக்கம். எதைக் கண்டாலும் பயப்படும் ஈழத்தமிழராகக் கமல். பேச்சுக்கு உதவியவர் இலங்கையின் மூத்த ஒலிபரப்பாளர் பி.எச். அப்துல் ஹமீத்.

படத்தில் கேட்பது யாழ்ப்பாணச் சாயல் கொண்ட தமிழ். 'ஓம்' என்பது, பேசுவதைக் 'கதைக்கிறது' என்பது, 'வாறன், போறன்' என்று முடிப்பது எல்லாம் அங்கிருந்து வருபவை. வன்னியிலும் இதே வடிவம்தான் பெரும்பான்மை, ஆனால் முழுதும் அதுவல்ல. பழைய வன்னிக் கிராமங்களின் பேச்சு இருக்கிறது. குடியேற்றத் திட்டங்களில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களின் பேச்சு இருக்கிறது. 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் 'பேசுறேன், வாறேன்' இருக்கிறது. கிளிநொச்சியில் ஒரே வகுப்பறையில் இந்த மூன்றும் ஒன்றாய்ப் படிக்கின்றன. ஆகவே 'எங்கட தமிழ்' என்று ஒன்றைப் பிடித்து, தெனாலி அதில் தேறவில்லை என்று புள்ளி போடுவது நியாயமில்லை.

இனிக் குறையையும் சொல்ல வேண்டும். சொல் சரி, சொல் முடிவும் பெரும்பாலும் சரி, இராகம்தான் இடறுகிறது. யாழ்ப்பாணப் பேச்சு வசனத்தின் கடைசியில் ஏறி இறங்கும் இடம் வேறு, வேகமும் அதிகம். படத்தில் ஒவ்வொரு சொல்லும் தமிழகப் பார்வையாளருக்குப் புரிய வேண்டுமென்று தெளிவாக்கி வைக்கப்படுகிறது. வீட்டில் கதைப்பதைவிட வானொலி நாடகத்தில் கேட்பதற்குக் கிட்டவாக இருப்பது அதனால்தான். நகைச்சுவைப் படம் என்பதால் இழுவையும் கூட்டியிருக்கிறார்.

அந்தப் பயங்களுக்குக் காரணமாகப் போர்ச்சூழலைப் படமே சொல்கிறது. தமிழகத்தில் வெடித்துச் சிரித்த இடத்தில் இங்கே சிலர் சிரிக்க மாட்டார்கள். அவர்களைச் 'சிரிக்கத் தெரியாதவர்கள்' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

வட்டார வழக்கை அவர் கற்றதுபோல் நாங்களும் கற்பது எப்படி?

சதி லீலாவதியில் கொங்கு, விருமாண்டியில் (2004) மதுரைப் பக்கம், பாபநாசத்தில் (2015) நெல்லை என்று ஒவ்வொன்றுக்கும் அந்த ஊர்க் காதைத் தேடிப்போயிருக்கிறார். நாடகத்துக்கு இப்படிச் செய்து பாருங்கள்: அந்த வழக்கைப் பேசும் வயதானவர் ஒருவரிடம் கேட்டு, அவர் அனுமதியோடு பத்து நிமிடப் பேச்சைத் தொலைபேசியில் பதியுங்கள். விதைப்பு, சூடு மிதிப்பு, பட்டி மாடு என்று அவருக்குப் பிடித்ததைக் கேட்டால் தயக்கம் போய்விடும். அதிலிருந்து இருபது வசனத்தைக் காதில் விழுந்தபடியே கொப்பியில் எழுதுங்கள், திருத்தாமல். வினை முடிவுகளுக்குக் கீழே கோடு. எங்கே நீட்டுகிறார், எங்கே விழுங்குகிறார் என்று குறி. பிறகு சொல்லே இல்லாமல் 'ம்ம்' என்று அந்த இராகத்தை மட்டும் பாடிப் பழகுங்கள். இராகம் பிடிபட்ட பிறகே சொல். பெரும்பாலானோர் தலைகீழாகச் செய்வார்கள், நாலைந்து சொல்லைப் பொறுக்கி வசனத்தில் தூவுவார்கள். அது வழக்கு ஆகாது, கேலியாகும்.

எந்தப் படத்தில் தொடங்கலாம்?

பேசும் படம் (1987). வசனமே கிடையாது, சிறு பிள்ளை முதல் காது கேளாதவர் வரை பார்க்கலாம், மொழிச் சண்டையும் இல்லை. அடுத்து நாயகன், சலங்கை ஒலி, அபூர்வ சகோதரர்கள், மகாநதி (1994), அன்பே சிவம் (2003). பிறகு பாபநாசம், அது மூன்று மணி நேரம், ஏழு மணிக்குப் பிந்தித் தொடங்கினால் தூரத்தில் இருந்து வருகிறவர்கள் இடையில் எழும்பிவிடுவார்கள். 16 வயதினிலே (1977) சப்பாணியையும் விக்ரம் (2022) கர்ணனையும் அடுத்தடுத்த கிழமைகளில் காட்டிப் பாருங்கள், 45 வருட இடைவெளி.

நல்ல படங்கள் என்கிறீர்கள், பல ஓடவில்லையே?

ராஜபார்வை, குணா (1991), ஹே ராம் (2000), ஆளவந்தான் (2001), அன்பே சிவம் எல்லாம் வெளியான நேரத்தில் வசூலில் அடிவாங்கியவை. காரணம் ஒன்றல்ல. ஹே ராமில் ஒரே காட்சியில் நாலு மொழி ஓடும், மூன்று மணி நேரத்துக்கு மேல். அன்பே சிவத்துக்குத் தொலைக்காட்சி மறுபிறவி கொடுத்தது. குணாவுக்கு 2024இல் மலையாளப் படமொன்று, குணா எடுக்கப்பட்ட கொடைக்கானல் குகைக்கே திரும்பிப் போனபோது புதுப் பார்வையாளர்கள் வந்தார்கள். ஆளவந்தான் எங்களுக்குமே சரிவரவில்லை. உழைப்பு தெரிகிறது, ஆள் தெரியவில்லை.

மருதநாயகம் வருமா?

1997 ஒக்ரோபர் 16ஆம் திகதி சென்னையில் எலிசபெத் மகாராணி முன்னிலையில் தொடங்கிய படம், முடியவில்லை. பொது அறிவுப் போட்டியில் 'கமல் இயக்கிய படங்கள்' பட்டியலில் இதைச் சேர்த்து எழுதினால் பிழை.

அரசியல்?

2018 பெப்ரவரி 21, மதுரையில் மக்கள் நீதி மய்யம் என்ற கட்சியின் தொடக்கம். 2021 சட்டமன்றத் தேர்தலில் கோயம்புத்தூர் தெற்கில் 1,728 வாக்குகளால் தோல்வி. 2025 ஜூலை 25 மாநிலங்களவை உறுப்பினராகப் பதவியேற்பு.

வாசிகசாலை முற்றத்தில் படம் போட என்ன வேண்டும்?

திரை: 60 அங்குல அகலத்தில் கிடைக்கும் தடித்த வெள்ளைத் துணி, பத்தடி நீளம். சினிமாஸ்கோப் படத்துக்குப் பத்தடி அகலத்தில் நாலேகால் அடி உயரம்தான் வரும், எனவே ஐந்தடித் துணியில் தையலே தேவையில்லை. 16:9 வடிவத்துக்கு ஐந்தரை அடிக்குச் சற்று மேல் வேண்டும். ஒட்டுத்துணியைக் கீழ் ஓரத்தில் தையுங்கள். நடுவில் தைத்தால் எல்லா முகத்திலும் ஒரு கோடு விழும். மெல்லிய பெட்சீற்றில் வெளிச்சம் ஊடுருவிப் பின்னால் போய்விடும்.

சாதாரண புரொஜெக்ரரில் வீச்சு விகிதம் 1.5 என்றால் பத்தடிப் படத்துக்குப் பதினைந்தடி தூரம். விகிதம் பெட்டியில் எழுதியிருக்கும். 3,000 லூமன்ஸ் இருட்டில் போதும். பின் வரிசை முப்பதடிக்கு மேல் போகாதபடி கதிரை போடுங்கள். ஏழு மணிக்கு முன் தொடங்கினால் வானத்து வெளிச்சத்தில் படம் வெளிறும்.

சோளகக் காற்றுக் காலத்தில் திரை பாய்மரமாகிவிடும். மேலே இரண்டு மூலையோடு நிற்காமல் ஒன்றரை அடிக்கு ஒரு கட்டு, கீழே மடிப்புத் தைத்து உள்ளே இரும்புக் கம்பி. மழை தொடங்கும் புரட்டாதி, ஐப்பசியில் ஈசல் புரொஜெக்ரர் வாயில் மொய்க்கும். இருபதடி தள்ளிப் பக்கத்தில் ஒரு குமிழைத் தனியாக எரிய விட்டால் பெரும்பகுதி அங்கே போய்விடும். மார்கழி முடியும்வரை வெளியில் போடுவதையே தவிர்ப்பது நல்லது.

மின்: புரொஜெக்ரர் ஏறக்குறைய 300 வாற்று, ஒலிபெருக்கி 150, லப்டொப் 80. ஒரு கேவீஏ ஜெனரேற்றர் தாங்கும். ஆனால் அதிலிருந்து நேரே புரொஜெக்ரருக்குக் கொடுக்காமல் இடையில் யூபிஎஸ் வையுங்கள். மின் திடீரென நின்றால் உள்ளே விசிறியும் நிற்கும், சூடான விளக்கு ஆறாமல் பழுதாகும். ஜெனரேற்றர் திரைக்குப் பின்னால் முப்பதடிக்கு அப்பால், காற்று கூட்டத்திலிருந்து அதை நோக்கி வீசும் பக்கத்தில் இருக்க வேண்டும். மழைக்கென்று அறைக்குள் வைத்தால் புகை ஆளைக் கொல்லும்.

ஒலி: ஸ்பீக்கருக்கு வயர் போடுங்கள். புளூடூத்தில் குரல் சற்றுப் பிந்தி வரும், உதடு முந்திவிடும். நடிப்பைப் பார்க்கக் கூட்டிய கூட்டத்துக்கு இதைவிடப் பெரிய கெடுதல் இல்லை.

அனுமதி?

வீட்டில் பார்க்க வாங்கிய டிவிடியோ இணையச் சந்தாவோ பொது இடத்தில் காட்டும் உரிமையைத் தராது. உரிமை வைத்திருப்பவரிடம் கேட்க வேண்டும். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி. கிராம அலுவலருக்கும் பிரதேச செயலகத்துக் கலாசார உத்தியோகத்தருக்கும் இரண்டு கிழமைக்கு முன் எழுத்தில் கொடுத்தால் கடைசி நாள் ஓட்டம் மிச்சம்.

எல்லாப் படமும் எல்லாருக்கும் போடலாமா?

இல்லை. சிகப்பு ரோஜாக்கள் (1978), ஆளவந்தான், விருமாண்டி சிறுவருக்கு வேண்டாம். மகாநதியில் பெண் பிள்ளை காணாமல் போய்க் கிடைக்கும் பகுதி கடுமையானது. ஹே ராமில் தொடக்கப் பகுதியிலேயே 1946 கல்கத்தாக் கலவரம் வருகிறது. என்ன வரும் என்று படத்துக்கு முன் இரண்டு வரியில் சொல்லுங்கள், எழும்பிப் போக விரும்புகிறவருக்கு ஓரத்தில் வழி விட்டுக் கதிரை போடுங்கள். விக்ரம் போன்ற படங்களில் துப்பாக்கி, குண்டுச் சத்தம் வரும் இடங்களை முன்பே குறித்துவைத்து ஒலியைக் குறையுங்கள். இரவில் அந்தச் சத்தம் முற்றத்தோடு நிற்காது, படம் பார்க்க வராத வீடுகளுக்கும் போகும். தாழ்ந்த ஒலியை அழுத்தும் ஸ்பீக்கர் இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள், வசனம் கெடாது.

பழைய படங்களில் எல்லாரும் குண்டாகத் தெரிகிறார்கள், ஏன்?

தொலைக்காட்சிக்கென்று எடுத்த 4:3 பிரதியை 16:9க்கு இழுத்திருக்கிறீர்கள். வளையல், வண்டிச் சில்லு, கடிகாரம் ஏதாவது வரும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். வட்டம் முட்டையாக இருந்தால் புரொஜெக்ரர் அமைப்பில் வடிவத்தை 4:3க்கு மாற்றுங்கள். இரண்டு பக்கமும் கறுப்பாக இருக்கும், இருக்கட்டும்.